பழகிய கை எறிந்த பந்து
தென்காசி மைதானத்தில் சாரல் விட்டபாடில்லை. மூன்று கோல் வாங்கிய கல்லூரி அணியின் கேப்டன் பலவேசம், பந்தை உள்ளே எறிவதற்காகக் கோட்டோரம் நிற்கிறான். அவன் அணியில் பதினொரு பேருக்கும் வெறுங்கால். ஈரப்புல் வழுக்கித் தள்ளுகிறது. எதிரணி முப்பிடாதியின் காலில் மட்டும், அவனை இழுத்துக்கொண்ட கல்லூரி வாங்கிக் கொடுத்த புது பூட்ஸ் மினுங்குகிறது. போன வருஷம்வரை அவன் பலவேசத்தின் அணியில் ஆடியவன். மூன்று கோலும் அவன் அடித்தவைதான். வெளியே போன பந்தை எடுத்துக் கொடுக்கையில் முகம் பார்க்காமல் சொல்கிறான்: “மூணு வேளையும் சோறு போடுதாவ அண்ணாச்சி. வீட்டுக்கும் மாசாமாசம் அனுப்புதாவ.” “நான் ஒண்ணும் கேக்கலையேலே” என்கிறான் பலவேசம். விசில் கேட்கிறது. அசந்துபோன அவன் கைகள் அவனுக்கு இரண்டு வருஷம் எறிந்து பழகியபடியே எறிகின்றன, முப்பிடாதியின் மார்புக்கு நேராக. அவனும் பழக்கத்தில் அதை நெஞ்சில் வாங்கிக் காலடியில் இறக்குகிறான். கூட்டம் கொல்லென்று சிரிக்கிறது. பதறி ஓடிவந்த பலவேசத்தின் கோல்கீப்பர் சேற்றில் சறுக்கி விழுந்து கிடக்கிறான், கோல் திறந்திருக்கிறது. முப்பிடாதியோ அடிக்காமல் பலவேசத்தையே பார்த்து நிற்கிறான். பலவேசம் முழங்காலில் கைகளை ஊன்றிக் குனிந்துகொள்கிறான். “என்னலே பாக்க? சோறு போடுதாவல்லா, அடி.”