பக்குவம் வராத ஜாடி

மெக்கானிக் உள்ளே வந்தபோது சாப்பாட்டு மேசை முழுக்கக் கண்ணாடி ஜாடிகள் நின்றன. பாதிக்கு மேல் மூடி திறந்து கிடந்தன. ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்ற அவருடைய சிநேகிதர் அடுத்த ஜாடியின் கம்பிக் கொக்கியை நெம்பிக்கொண்டிருந்தார்.

“டேய், கையை எடுடா!”

மூடி ‘டப்’பென்று திறந்துகொண்டது. மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டார்.

பைப்பில் போடுகிற புகையிலை. இருவரும் சேர்ந்துதான் வாங்குவார்கள், சேர்ந்துதான் அடைப்பார்கள். ரப்பர் வளையத்தைக் கழுவிக் காயவைத்து, ஈரப்பதம் குறையாமல் மூடி, வெளிச்சம் படாத அலமாரியில் வருடக்கணக்கில் கிடக்கவிடுவார்கள். நடுவில் திறந்தால் காற்று புகுந்துவிடும். அதோடு பக்குவம் போச்சு. பெற்ற பிள்ளைகளை இப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்திருந்தால் உருப்பட்டிருக்கும் என்பது இரண்டு வீட்டிலும் பேச்சு.

“இது போன வருஷம் அடைச்சதுடா பாவி! இன்னும் வைக்கோல் நாத்தம்கூட அடங்கியிருக்காது.”

“அடங்கலைதான்” என்றார் சிக்னல்காரர்.

“அது? அந்தக் கடைசி ஜாடி? நாம கிழவனான பிறகு திறக்கணும்னு வச்சதாச்சே?”

“கண்ணாடியில மூஞ்சியைப் பாரு. எப்பவோ ஆயிட்டோம்.”

சிக்னல்காரர் இப்போது திறந்த ஜாடியைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் போனார். நாற்காலியில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். ஜாடியின் வாயை அவள் மூக்கருகே பிடித்தார். அவள் கண்ணை மூடி நிதானமாக மூச்சை இழுத்தாள்.

அந்த வீட்டில் அது சட்டம். எந்த ஜாடியைத் திறந்தாலும் முதல் வாசனை அவளுக்கு. பைப்பைப் பற்றவைத்தால் டயர் எரிகிற நாற்றம் என்று திட்டுவாள். ஆனால் மூடி திறக்கிற சத்தம் கேட்டால், கையைத் துடைத்துக்கொண்டு அடுப்படியிலிருந்து ஓடிவருவாள். பழைய ஜாடியில் உலர்ந்த திராட்சை வாசனை அடிக்குமாம்.

மெக்கானிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு மாதம் வெளியூரில் லாரி வேலை. நேற்றுதான் திரும்பியிருந்தார். வந்ததும் வராததுமாக, ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் அக்கா மகன் சொன்னான்: “மாமா, உங்க கூட்டாளியும் அவர் சம்சாரமும் தொண்டை வார்டுல உக்காந்திருந்தாங்க. நாளன்னைக்கு ஆபரேஷனாம்.”

“என்கிட்ட ஏன்டா மறைச்சே?”

“எதை?”

“தொண்டையில ஆபரேஷனாமே.”

சிக்னல்காரரின் கை ஜாடி மேலேயே நின்றது. “யார் சொன்னா உனக்கு?” என்றார். ஓடுகிற ரயிலை மீறிக் கத்திப் பழகிய குரல். இன்றும் கணீரென்றுதான் இருந்தது.

“யார் சொன்னா என்ன? தங்கச்சி, நீயாவது ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா?”

அவள் சிரிக்கப் பார்த்தாள். பிறகு, விடுங்கள் என்பதுபோல் கையை அசைத்தாள். அழுது அழுது இவளுக்கும் தொண்டை கட்டிவிட்டது என்று நினைத்துக்கொண்டார் மெக்கானிக்.

“ஒரு ஜாடியாவது மூடி வைடா. நல்லபடியா முடிஞ்சு வீட்டுக்கு வந்த பிறகு திறப்போம். எல்லாத்தையும் இன்னைக்கே திறந்தா என்ன அர்த்தம்? நம்பிக்கையே இல்லைன்னு அர்த்தம்.”

“உயிருக்குப் பயமில்லைன்னுதான் டாக்டர் சொல்றார்.”

“அப்புறம் என்ன அவசரம்?”

“கழுத்துல ஓட்டை போட்டுடுவாங்க. இனிமே அது வழியாத்தான் மூச்சு. மூக்குல காத்தே போகாது. வாசனை தெரியாது.”

“பேச்சு?”

“அதுவும்தான். சாயங்காலம் போய்ப் படுக்கணும்.”

திறந்த ஜாடிகளிலிருந்து புளிப்பும் இனிப்புமாக வாசனை அறையை நிறைத்தது. மெக்கானிக்குத் துக்கம் கோபமாகத்தான் வந்தது. அவருக்கு வேறு விதமாக வராது.

“அந்தப் பைப்பை நான் அன்னைக்கே சுத்தியலால அடிச்சு நொறுக்கியிருக்கணும். நான் ஊதுறதை விட்டுட்டு வாசனையோட நிறுத்திக்கிட்டேன், நீ விட்டியா? மழை பெஞ்சா ஜன்னல் எல்லாத்தையும் சாத்திக்கிட்டு, இந்த ரூம்லயே உக்காந்து ஊதித் தள்ளுவியே! இவ எத்தனை தடவை தலையில அடிச்சுக்கிட்டா? ‘வெளியில போய்ப் பிடிங்க, வெளியில போய்ப் பிடிங்க’ன்னு. காதுல வாங்கினியா?”

“இல்லை.”

“செவிடன் காதுல ஊதின சங்கு. இப்பப் பாரு, நீதானேடா அனுபவிக்கிறே!”

சிக்னல்காரர் கடைசி ஜாடியின் கொக்கியை நெம்பினார். வருடங்கள் ஆகிவிட்டதால் மூடி பிடித்துக்கொண்டிருந்தது. வேட்டி நுனியைச் சுற்றித் திருகியதும் விட்டுக்கொடுத்தது. உள்ளே புகையிலை கருத்து, பளபளத்துக் கிடந்தது.

அதை மனைவியின் மூக்கருகே கொண்டுபோனார். அவள் இரண்டு கையாலும் ஜாடியைப் பிடித்துக்கொண்டாள். முகத்தை உள்ளே புதைத்தவள், நிமிரவே இல்லை.

சிக்னல்காரர் திரும்பினார். அந்தக் கணீர்க் குரல் எங்கே போயிற்றோ, காற்று மட்டும்தான் வந்தது.

“ஊதினது நான்தான்டா. தொண்டை அவளோடது.”