தண்ணீரை நிறுத்தியவன்

“கல்லு உடைக்கிறப்போ தண்ணி தெளிச்சா தூசி அடங்கிடுமாமே, டாக்டர் சொன்னாரு. உங்க கிரஷர்ல அந்த வசதி இல்லியாண்ணே?”

மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு அவள் கணவன் படுத்திருந்தான். அவனோடு இருபது வருடம் வேலை பார்த்த நண்பர் கால்மாட்டில் உட்கார்ந்து தரையைப் பார்த்தார்.

“இருந்துச்சும்மா.”

“அப்புறம் என்ன கேடு?”

“ஈரப்பொடி சல்லடையை அடைச்சிக்கும், வேலை ஓடாது. அதனால தண்ணி வால்வை மூடி வச்சிடறது.”

“எந்தப் பாவி மூடினான்? அவன் நல்லா இருப்பானா?”

கணவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். இருமல் முந்திக்கொண்டது.

“நான்தாம்மா மூடினேன்” என்றார் நண்பர் அவசரமாக.

நீட்டிய டீ டம்ளரை அவள் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

“கூடப் பிறந்தவரா நெனச்சேனே! இனிமே இந்த வாசப்படி மிதிக்காதீங்க.”

அவர் எழுந்து போனார். படி இறங்கும்போது அவருக்கும் இருமல் வந்தது. தெருமுனை வரை அது கேட்டது.

“கேட்டீங்களா? அவருக்கும் அதே இருமல். செஞ்ச பாவம் சும்மா விடுமா?”

கணவன் குழாயை விலக்கினான். கண்கள் நிறைந்திருந்தன.

“அவன் கீழ நின்னு பொடி அள்ளுறவன். தண்ணியத் திறந்து விடுடான்னு தினமும் கையெடுத்துக் கும்பிடுவான்.”

“யாரை?”

“என்னைத்தான்.”