பதினான்கு கைகள்

கால்சட்டைப் பையிலிருந்து அவன் எடுத்தது வேனின் சாவி.

எடுத்திருக்க வேண்டியது ஏவுபெட்டியின் சாவி. அப்படியானால் அது அறுநூறு மீட்டருக்கு அப்பால், மணல் மூட்டைகளுக்குப் பின்னால், பெட்டியிலேயே இருக்கிறது. அது அங்கே இருக்கிறவரை பட்டனுக்கு உயிர் உண்டு. பட்டனை அழுத்தினால் அவன் தலைக்கு மேல் நிற்கும் ராக்கெட் கிளம்பும்.

முதல் முறை அழுத்தியபோது அது கிளம்பவில்லை. அதனால்தான் வந்திருந்தான்.

கிளம்பாத ராக்கெட்டை அரை மணி நேரம் யாரும் நெருங்கக் கூடாது. பிறகு ஒரே ஒருவன், பெட்டியின் சாவியோடு போய், ராக்கெட்டைப் பற்றவைக்கும் மின்திரியின் கம்பிகளைக் கழற்ற வேண்டும். தொடுவதற்கு முன் சாவியைக் கண்ணால் பார்க்க வேண்டும். இருபத்தேழாவது விதி. நாற்பத்தொரு விதிகளையும் எழுதிப் பட்டறைக் கதவில் ஒட்டியவன் அவன்தான். கல்லூரியில் அவனுக்குச் 'சட்டம்' என்றே பெயர்.

சட்டம் போட்டவனே போகட்டும் என்று குழுவின் மற்ற ஏழு பேரும் சிரித்தார்கள். மேசையில் கிடந்த சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அவனும் சிரித்தான்.

விண்வெளியைத் தொட்டுவிட்டு வர வேண்டிய ராக்கெட். இரண்டு வருட உழைப்பு. பதினொரு மணி வரைதான் வானம் அவர்களுக்கு. விட்டால் அடுத்த அனுமதிக்கு ஒரு வருடம். அதற்குள் பாதிப் பேர் படிப்பை முடித்துப் போய்விடுவார்கள்.

பட்டனை அழுத்தும் பாக்கியம் குலுக்கலில் ஒருத்திக்கு விழுந்திருந்தது. அன்றிலிருந்து அவள் 'கட்டைவிரல்'. அரை மணி நேரமும் இருப்புக்கொள்ளாமல் தவித்தாள். நீ வருவதற்குள் பட்டனில்தான் கோளாறா என்று அழுத்திப் பார்த்துவிடுகிறேன் என்றாள். சாவிதான் என்னிடம் இருக்கிறதே, தாராளமாக அழுத்து என்று சொன்னவனும் அவன்தான்.

கையிலிருந்த வேன் சாவியை மறுபடி பார்த்தான்.

கத்தினால் கேட்காது, எதிர்க்காற்று. கைபேசி இல்லை; அதன் அலையே திரியைப் பற்றவைத்துவிடலாம் என்பது இன்னொரு விதி. ஓடினால் அறுநூறு மீட்டர். கழற்றுவதென்றால் மல்லாந்து படுத்து, நெருப்பு வரும் வாய்க்கு நேர் கீழே முகத்தைக் கொண்டுபோக வேண்டும். காற்றில் கழன்றுவிடக் கூடாதென்று கம்பிகளுக்கு எட்டுச் சுற்று டேப் வேறு போட்டிருந்தான்.

கால் நகரவில்லை. திரும்பிப் பார்க்க மட்டும் முடிந்தது.

மணல் மூட்டைகளைவிட்டு வெகுதூரம் தள்ளி ஏழு பேரும் நின்றிருந்தார்கள். பேராசிரியர் உட்பட. வரிசையாக, கைகளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, துப்பாக்கியைக் கண்டவர்கள் போல.

ஓடச் சொல்கிறார்களோ? ஆனால் ஒரு கைகூட அசையவில்லை.

எண்ணினான். பதினான்கு. பட்டன்மேல் ஒரு கையும் இல்லை.

போன உயிர் திரும்பி வந்தது. பார்த்துவிட்டார்கள். சாவியைப் பிடுங்கிவிட்டார்கள். அதைத்தான் காட்டுகிறார்கள்.

மல்லாந்து படுத்தான். அவசரப்படவில்லை. டேப்பின் நுனியை நகத்தால் சுரண்டி எடுத்து, சுற்றுச் சுற்றாக உரித்தான். நடுவில் மூக்கு அரித்தது. நிதானமாகச் சொறிந்துகொண்டு மறுபடி தொடங்கினான். ஒரு கம்பி. இன்னொரு கம்பி.

எழுந்து, புழுதியைத் தட்டிவிட்டு நடந்தான்.

பாதித் தூரம் வந்தும் அவர்கள் கையை இறக்கவில்லை. பக்கத்தில் வந்தும் இறக்கவில்லை. கட்டைவிரலின் உதடு வெளுத்திருந்தது.

கழற்றியாயிற்று என்று சொல்லிவிட்டு, அந்தச் சாவியை இப்போதாவது கொடு என்று கையை நீட்டினான்.

அவள் முகவாயால் மூட்டைகளின் பக்கம் காட்டினாள்.

"அது பெட்டியிலதான்டா இருக்கு. பட்டறையில சாவியத் திருப்பி எடுக்கும்போதே ஒரு தடவ திரிக்குப் பதிலா மாட்டின பல்பு எரிஞ்சுதே, மறந்துட்டியா? இப்பவும் அப்படி ஆயிடுமோன்னு தொடவே கை வரல."

ஆளில்லாத மேசையில், பட்டனுக்கு இன்னும் உயிர் இருப்பதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.