மனிதரே பேசுவார்

“எடுத்த உடனே கத்தாதே. இந்தத் தடவை மெஷின் இல்ல, மனுஷங்கதான் பேசணும்னு சட்டமே வந்திருக்கு,” என்றாள் மனைவி லேபா.

தனியேலு தலையாட்டினான். ஆஸ்திரேலியாவின் லோகன் நகரில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறவன். மூன்று நாளாகச் செயலி அவன் கணக்கை முடக்கி வைத்திருக்கிறது. இன்றைய விசாரணையிலும் எடுபடவில்லை என்றால், வேலை போயிற்று.

போன் அடித்தது.

“ஓட்டுநர் தனியேலு. வெள்ளிக்கிழமை ஒரு வீட்டு வாசலில் பதினெட்டு நிமிடம் அசையாமல் இருந்திருக்கிறீர்கள். காரணம்?”

பெண் குரல். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

“அது சமோவாத் தீவுக்காரங்க வீடு மேடம். நானும் சமோவாதான். உள்ளே மாலை ஜெபம் நடந்துட்டிருந்தது. நடுவுல புகுந்து பீட்சாவை நீட்ட முடியுமா? முடியட்டும்னு படியில உக்காந்துட்டேன்.”

“அந்தக் காரணம் பட்டியலில் இல்லை. வாகனக் கோளாறு, விபத்து, பாதை அடைப்பு. ஒன்றைச் சொல்லுங்கள்.”

“அதான் சொன்னேனே, ஜெபம்!”

“அந்தக் காரணம் பட்டியலில் இல்லை.”

தனியேலு மனைவி பக்கம் திரும்பினான். “மனுஷியாம்! தகர டப்பா. இதுக்கு ஒரு சட்டம் வேற!”

லேபா அவன் தொடையில் கிள்ளினாள். மறுமுனைக் குரல் மெல்லத் தணிந்தது.

“நம்ம தீவு வழக்கம்போல குனிஞ்சபடி உள்ளே போயிருக்கலாமே?”

“வீட்டுப் பெரியவர் ஜெபம் பண்ணிட்டிருந்தார். குனிஞ்சாலும் தப்புதான்.”

“ஆமா. தப்புதான்.”

தனியேலு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“எத்தனை பாட்டு பாடினாங்க?”

“மூணு. அப்புறம் பெரியவர் ஆரம்பிச்சார். சொந்தக்காரங்க ஒருத்தரையும் விடல. ஊர் ஊரா, பேர் பேரா...”

“எங்க மாமாவும் அப்படித்தான். சோறு ஆறி, அப்புறம் நாங்களும் ஆறிப்போவோம்.” குரலில் லேசாகச் சிரிப்பு ஓடி மறைந்தது. “ஜெபம் நடக்கிற வாசல் அடைபட்ட பாதைதானே? ‘ஆமா’ன்னு மட்டும் சொல்லுங்க.”

“ஆமா!”

செயலியில் பச்சை விளக்கு எரிந்தது. லேபா கையைக் கூப்பினாள்.

தனியேலுவுக்கு வெட்கமாகிவிட்டது. “டப்பான்னு சொல்லிட்டேன், மன்னிச்சுக்கோங்கக்கா. இதையே மொதல்ல பேசியிருக்கலாம்ல?”

“எழுதிக் கொடுத்ததை மட்டும்தான் படிக்கணும் தம்பி. அதுவும் நாலே நிமிஷம். மீறினா மெஷின் என் கணக்கையும் முடக்கிடும். இப்போ ஏழாவது நிமிஷம்.”

“ஐயையோ! பயப்படாதீங்கக்கா, நீங்களும் முறையிடுங்க. அதான் சட்டம் வந்திருக்கே!”

“அது உங்க ஆஸ்திரேலியாவுக்கு, தம்பி. நான் பேசுறது ஃபிஜியிலேர்ந்து.”