பதினோராவது பொருத்தம்

"உங்கட பிஸ்டலுக்குக் குழல் எத்தினை இஞ்ச்?"

தேநீர்த் தட்டைக் கீழே வைக்காமலே மாப்பிள்ளையிடம் கேட்டாள் கஜந்தினி.

மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில், மூன்றாம் மாடியில் இருந்த அந்த வரவேற்பறையில் கட்லட் கடிக்கும் சத்தம் நின்றது.

அவளுடைய அம்மா பாலாம்பிகை கண்களை மூடிக்கொண்டாள். இதற்கு முன் வந்த ஐந்து மாப்பிள்ளைகளும் "பிள்ளை ஒரு சொல்லும் கதைக்குதில்லை" என்று சொல்லித்தான் கைவிட்டார்கள். ஆறாவது ஆளான சாரங்கன் ஹூஸ்டனிலிருந்து விமானம் ஏறி வந்திருந்தான். இதுவும் தவறினால் இனிப் பெண் பார்க்க ஒருவரையும் வீட்டுக்குக் கூப்பிடக்கூடாது என்று கஜந்தினி சொல்லிவிட்டாள். அதனால் காலையிலிருந்து பதினேழு தடவை, "இண்டைக்காவது வாயைத் திறந்து கதை" என்று மகளைக் கெஞ்சியிருந்தாள் பாலாம்பிகை.

பிள்ளை இப்போது வாயைத் திறந்துவிட்டது.

"மூண்டு இஞ்ச்," என்றான் சாரங்கன், வகுப்பில் எழுந்து நின்று பாடம் ஒப்புவிப்பவன் போல. "சட்டைக்குள்ள மறைச்சு வைக்கிற சின்னச் சாமான்."

"கனடாவில உந்தக் குட்டைக் குழலுக்குத் தடை. ஹூஸ்டன் எண்டபடியால் பரவாயில்லை. என்ன சன்னம் போடுறனீங்கள்?"

"நுனியில குழி வைச்ச குண்டு. பட்டவுடன பூ மாதிரி விரியும். அங்கால நிக்கிற ஆளில போய்ப் படாது."

"மூண்டு இஞ்ச் குழலில வேகம் குறைஞ்செல்லோ போகும்? வேகம் காணாட்டி அது விரியாது. பேந்து என்னத்துக்குக் குழி?"

சாரங்கனின் அம்மா மகனின் தொடையில் மெல்லக் கிள்ளினாள். அவன் சட்டை செய்யவில்லை.

"அதுதான் குட்டைக் குழலுக்கெண்டே செய்த சன்னமாப் பாத்து வாங்கோணும். குறைஞ்ச வேகத்திலயும் விரியும், முகத்துக்கு முன்னால நெருப்பும் கனக்கப் பறக்காது."

"வாற கள்ளன் மொன்றியல் கள்ளனா இருந்தால்? ஜனவரியில மூண்டு சட்டை போட்டிருப்பான். குழிக்குள்ள துணி போய் அடைச்சிடும்."

"பிள்ளை, கள்ளனை விட்டிட்டுத் தம்பிக்குத் தேத்தண்ணியைக் குடு," என்றாள் பாலாம்பிகை, அழாக்குறையாக.

கஜந்தினி கோப்பையை நீட்டினாள். நீட்டும்போது தன் உள்ளங்கையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"அதுக்குத்தான் மனிசற்ர தசை மாதிரி இருக்கிற ஜெலிக் கட்டியில சுட்டுப் பாக்கிறவை," என்றான் சாரங்கன். "ஜெலிக்கு முன்னால நாலு மடிப்பு..."

"ஜீன்ஸ் துணி தொங்க விட்டு..."

"சன்னம் ஜெலிக்குள்ள பன்னிரண்டு இஞ்சுக்குக் குறையாமல் போய்..."

"பதினெட்டு இஞ்சுக்கு மிஞ்சாமல் நிக்கோணும்!"

கடைசி வரியை இருவரும் ஒரே மூச்சில் சொன்னார்கள். சொல்லிவிட்டு இருவருமே கொஞ்சம் திடுக்கிட்டார்கள்.

அந்த அறையில் கலங்காமல் கட்லட் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கலியாணத் தரகர் இரவிச்சந்திரன் ஒருவர்தான்.

"பாத்தியளே? பத்துப் பொருத்தமும் சாத்திரியார் பாப்பார். பதினோராவது பொருத்தம், ரெண்டு பேருக்கும் ஒரே விருப்பம். அதை இந்த இரவிச்சந்திரன்தான் பாப்பான்."

"இரவி அண்ணை," என்றாள் சாரங்கனின் அம்மா தாழ்ந்த குரலில், "இவன் மீன் வெட்டுற பக்கமே வரமாட்டான். உதெல்லாம் எப்ப படிச்சவன்?"

"பெடியள் எல்லாத்தையும் தாய்மாருக்குச் சொல்லுவினமே? பிள்ளை, கடைசியா எந்தச் சன்னம்தான் திறம்?"

"பேரைப் பாத்து முடிவெடுக்கேலாது அங்கிள்," என்றாள் கஜந்தினி. "இவர் தன்ர பிஸ்டலில ஒரு பெட்டி அடிச்சுப் பாக்கோணும். ஒண்டும் உள்ள சிக்கி நிக்காட்டித்தான் நம்பலாம்."

"கேட்டியளே! இனி ரெண்டு பேரும் கொஞ்சம் தனியக் கதைக்கட்டும்."

பின்பக்க பால்கனியில் இருவரும் துணி காயும் கொடிக்கு இருபுறமும் நின்றார்கள். சாரங்கன் தொண்டையைச் செருமினான். கஜந்தினி கொடியில் கிடந்த தலையணை உறையை நேராக்கினாள். ஆறாவது மாப்பிள்ளையும் போய்விடுவான் போலிருந்தது.

கீழே பின்சந்தில் ஒரு அணில் குப்பைத் தொட்டியின் மூடியைத் தள்ளிவிட்டது.

டமார்!

இருவரும் ஒரே பாய்ச்சலில் கறிவேப்பிலைச் சாடிக்குப் பின்னால் குந்திவிட்டார்கள். சாரங்கன் இரண்டு காதுகளையும் பொத்தியிருந்தான். கஜந்தினி அவனுடைய சட்டைக் கையைப் பிடித்திருந்தாள்.

கஜந்தினி சட்டைக் கையை விட்டாள்.

"நீங்கள்... உண்மையா பிஸ்டல் வைச்சிருக்கிறியளோ?"

"நான் மூக்குக் கண்ணாடிக் கடையில வேலை. விளையாட்டுத் துவக்குக்கூட வாங்கினதில்லை," என்றான் சாரங்கன். "உங்களுக்குச் சன்னம் எண்டால் உயிர், அதைக் கதைக்காட்டி என்னை ஏறெடுத்தும் பாக்க மாட்டியள் எண்டு தரகர் சொன்னவர். ஒரு கிழமையா யூடியூப்தான்."

"ஐயோ! உங்களுக்கு அதுதான் உயிர் எண்டு எனக்குச் சொன்னவர்!" உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். நீலப் பேனாவால் '12, 18' என்று எழுதியிருந்தது. "யூடியூப்பில ஒரு தாடிக்காரன், பச்சைத் தொப்பி, நீல ஜெலி?"

"அதே தாடிக்காரன்தான்!"

இருவரும் எழும்ப மறந்து, சாடிக்குப் பின்னால் இருந்தபடியே விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

உள்ளே, அந்தச் சிரிப்பைக் கேட்ட இரவிச்சந்திரன் சட்டைப் பையிலிருந்து சின்னக் கொப்பியை எடுத்தார். 'துஷாந்தினி – பிருந்தன்: தேனீ வளர்ப்பு' என்ற வரிக்கு நேரே ஏற்கெனவே ஒரு சரி இருந்தது. அதன் கீழே 'கஜந்தினி – சாரங்கன்: குட்டைக் குழல் சன்னம்' என்பதற்கும் ஒரு சரி போட்டுவிட்டு, அடுத்த கட்லட்டைக் கடித்தபடி எழுதினார்: 'லொங்கேய் ஊர்ப் பெண் – டோர்வல் ஊர்ப் பெடியன்: ஒட்டக வைத்தியம்.'