கிழட்டுப் பெட்டை உள்ளே வரும்வரை

"இன்னும் அழுத்திடாதடா. கிழவி வெளியிலயே நிக்கிறா," என்றான் ஓடெல் போனில், தணிந்த குரலில். வீட்டில் அவன் மனைவி மேக்சின் தூங்குகிறாளாம்.

எனக்கும் தெரிந்தது. மார்பின்மேல் சாய்த்து வைத்திருந்த டேப்லெட் திரையில், விடியற்காலைச் சாம்பல் வெளிச்சத்தில், காட்டுப்பன்றிகள் ஒவ்வொன்றாகக் கம்பிப்பட்டிக்குள் நுழைந்துகொண்டிருந்தன. முதலில் குட்டிகள். பிறகு இளசுகள். காது கிழிந்த கிழட்டுப் பெட்டை மட்டும் வாசலில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது.

அது ஒன்று தப்பினாலும் போச்சு. கதவு விழுவதைப் பார்த்துவிட்ட பன்றி பிறகு எந்தப் பட்டியிலும் கால் வைக்காது. அடுத்த வருஷத்துக்குள் ஒரு புதுக் கூட்டத்தையே பெற்றுவிடும்.

நான் படுத்திருந்தது சான் அன்டோனியோவில், ஆஸ்பத்திரியின் நான்காம் மாடியில். பன்றிகள் இருந்தது நூறு மைல் தள்ளி, லானோ பக்கம், நானும் ஓடெலும் வாலிபத்திலிருந்து குத்தகைக்கு எடுத்து மான் வேட்டையாடுகிற காட்டில்.

அந்தக் காடு எங்கள் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. மானுக்காக விதைத்த ஓட்ஸைப் பன்றிகள் வேரோடு கிளறிவிட்டன. சோளம் தூவும் டப்பாக்களைச் சாய்த்துத் தின்றன. ஓடைக்கரை முழுக்க உழுது போட்டதுபோல் கிடந்தது. மான்கள் வேலி தாண்டிப் போய்விட்டன. கோடைக்குள் பன்றிகளை ஒழிக்காவிட்டால் வேறு ஆளுக்கு விட்டுவிடுவேன் என்று நிலத்துக்காரி சொல்லிவிட்டாள்.

இதற்கு நடுவில்தான், நவம்பரில், நான் மரத்துப் பரணிலிருந்து விழுந்தேன். இடுப்புக்குக் கீழே எதுவும் என்னுடையதாக இல்லை.

கிறிஸ்துமஸ் முடியும்வரை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். யாரிடமும் பேசவில்லை. மனைவி மார்லீன் ஊட்டிய சூப்பைக்கூடத் துப்பினேன்.

ஒருநாள் ஓடெல் வந்தான். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. டேப்லெட்டைப் போர்வைமேல் போட்டான்.

"பட்டி கட்டியாச்சு. கேமராவும் வச்சாச்சு, படம் என் போன்லயும் வரும். கதவுக்கு மோட்டார், அதோட பொத்தான் இதுல மட்டும்தான் இருக்கு. நீ தூங்கிட்டேன்னா அதுங்க பாட்டுக்குச் சோளத்தைத் தின்னுட்டுப் போயிடும்."

"உன் போன்லயே வச்சுக்க வேண்டியதுதானே?"

"என் விரல் தடிமனைப் பாத்தியா? நான் அழுத்தினா உன் பொண்டாட்டிக்குத்தான் போன் போகும்."

விழுந்தபிறகு நான் சிரித்தது அப்போதுதான்.

மறுநாள் விடியுமுன் விழித்தேன். அதற்கு மறுநாளும். விழித்தவனுக்குப் பசித்தது. பசித்தவன் எழுந்து உட்காரக் கற்றுக்கொண்டான்.

தினமும் அந்த நேரத்துக்கு ஓடெல் போனில் வருவான். பன்றிகள் சில நாள் வரும், சில நாள் வராது. வந்தாலும் கிழவி உள்ளே வரமாட்டாள். நாங்கள் அவளைத் திட்டுவோம். பிறகு அவன் தன் மாமியாரைத் திட்டுவான்.

இன்று நர்ஸ் டானெல் காலைச் சாப்பாட்டை வைத்துவிட்டு, என் தட்டிலிருந்த பேக்கன் பன்றிக்கறியையும் திரையிலிருந்த பன்றிகளையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"தட்டுல கிடக்கறதையும் விடறதில்ல, காட்டுல திரியறதையும் விடறதில்ல. நல்ல ஆளுய்யா நீங்க."

நான் கையைக் காட்டி அவளைப் பேசாதிருக்கச் சொன்னேன்.

கிழட்டுப் பெட்டை ஒரு காலை உள்ளே வைத்தது. எடுத்தது. மறுபடி வைத்தது. பட்டியின் நடுவில் சோளக் குவியலுக்காகக் குட்டிகள் முண்டியடித்தன. அதைப் பார்த்ததும் அதற்குப் பொறுக்கவில்லைபோலும். குட்டிகளை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்க் குவியலில் முகத்தைப் புதைத்தது.

அழுத்தினேன்.

"அழுத்திட்டேன்டா!"

என் கத்தல் அடங்குமுன் கதவு விழுந்தது.

பட்டியே குலுங்கியது. பெரியவை கம்பிவலையில் போய் மோதின. டானெல் கைதட்டினாள். ஒன்றுகூட வெளியில் இல்லை. காடு தப்பியது.

மோதிய வேகத்தில் கேமரா கட்டியிருந்த கம்பம் சாய்ந்து படம் வேறு பக்கம் திரும்பியது. கதவின் மறுபுறம் தெரிந்தது. இத்தனை நாளில் நான் பார்க்காத பக்கம்.

மோட்டார் பெட்டி உடைந்து தொங்கியது. வயர்களைப் பன்றிகள் கடித்து இழுத்துப் போட்டிருந்தன. காய்ந்த சேறு அப்பிய பெட்டிக்குள் சிலந்தி வலை பின்னியிருந்தது.

கதவு உச்சியிலிருந்து ஒரு கயிறு புறப்பட்டு, பட்டியைத் தாண்டி, ஓக் மரத்துக்குப் போனது. நான் விழுந்த அதே மரம்.

பரணிலிருந்து ஒருவன் இறங்கிக்கொண்டிருந்தான். கம்பளித் தொப்பி. தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிய போன். போன வருஷம் மூட்டு மாற்றிய காலை மடக்க முடியாமல், ஏணியின் ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இறங்கினான். வாயிலிருந்து பனிப்புகை வந்தது.

"பிரமாதம்டா," என்றது போன், மூச்சு வாங்க. "சரியான நேரத்துல அழுத்தின. நான் இங்க அடுப்புப் பக்கத்துல காப்பி குடிச்சிக்கிட்டே பாத்துட்டு இருக்கேன். சிலிர்த்துப் போச்சு போ."

டானெல் திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தலையணையைச் சரிசெய்தாள்.

அவன் கால் தரையைத் தொடும்வரை நான் வாய் திறக்கவில்லை.

தொட்டது.

"நன்றிடா ஓடெல்."

"எனக்கு எதுக்குடா நன்றி? அழுத்தினது நீதானே."