திமிங்கலம் நீந்தியது

ஜெசிந்தா இரண்டு வருடமாகக் கணினியில் வரைந்த திமிங்கலம் ஒருமுறைகூடத் திக்காமல் நீந்தியதில்லை. அதற்காகவே பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கினாள். அதுவோ தன்னை இயக்கும் டிரைவர் மென்பொருள் எதையும் ஏற்காமல் மூன்று நாளாக அடம்பிடித்தது. விற்ற முபாரக்கை வீடியோ காலில் பிடித்துக் கத்தித் தீர்த்தாள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. கிரிப்டோ காசு மைனிங்குக்காகக் கார்டுக்குள்ள இருந்த புரோகிராமை மாத்தியிருந்தேன், சொல்ல மறந்துட்டேன். கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணிட்டு, கார்டு ஓரத்துல குட்டியா ஒரு சுவிட்ச் இருக்கும், நகத்தால தள்ளுங்க. பழைய புரோகிராம் வந்துடும்."

தள்ளினாள். மறுபடி டிரைவரைப் போட்டாள். திரை ஒருகணம் இருண்டு, பளிச்சென்று விழித்தது. திமிங்கலம் வாலை ஒரு வீசு வீசி, அலுங்காமல் கடலைக் கடந்துபோனது.

"என்னக்கா ஆச்சு?"

அவள் போனைத் திரைப்பக்கம் திருப்பினாள். முபாரக் விசிலடித்தான்.

"அக்கா, இன்னொரு தடவை விடுங்கக்கா!"